ஆகர் பிளேடு உறைந்து போகாமல் இருக்க: ஐஸ் ஃபிஷிங் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டொரோண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் சிம்கோ ஏரி. குளிர்காலத்தில் ஏரி நன்றாக உறைந்ததும் கெஸ்விக், ஜாக்சன்ஸ் பாயின்ட், பீவர்ட்டன் பக்கமெல்லாம் பனிக்கட்டி மேல் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெர்ச், வொயிட்ஃபிஷ், லேக் டிரவுட் என்று மீனுக்குக் குறைவில்லை. ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்திலிருந்து நம் ஆட்களும் போகிறார்கள். புதிதாகப் போகிறவர்கள் தூண்டிலைப் பற்றியும் இரையைப் பற்றியும் நிறைய விசாரிப்பார்கள், ஓட்டை போடுகிற கருவியைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். ஏரி நடுவில் அது மக்கர் செய்யும்போதுதான் போன் வரும். அப்படி வருகிற கேள்விகளும் பதில்களும் இவை. உதாரணங்கள் சிம்கோவைச் சுற்றி இருந்தாலும் மினசோட்டாவிலோ மானிடோபாவிலோ இருப்பவர்களுக்கும் விஷயம் ஒன்றுதான்.

ஆகர் என்பது என்ன? அதில் உறைவதற்கு என்ன இருக்கிறது?

பனிக்கட்டியில் ஓட்டை போடுகிற பெரிய திருகு. நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றிச் சுருள் தகடு, அடியில் பெரும்பாலும் இரண்டு பிளேடு. கையால் சுற்றுவது உண்டு, பெட்ரோலில் ஓடுவது உண்டு, இப்போது பேட்டரியில் ஓடுவதும் சாதாரண கார்ட்லெஸ் டிரில்லில் மாட்டிக்கொள்வதும்தான் அதிகம். ஆறு அங்குலம், எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று அளவு வரும். பெர்ச்சுக்கு ஆறு போதும், பெரிய டிரவுட் பிடிக்க வேண்டுமென்றால் எட்டோ பத்தோ எடுங்கள். உறைவது பிளேடின் விளிம்பிலும் சுருள் தகட்டிலும் ஒட்டியிருக்கும் தண்ணீர்.

முதல் ஓட்டை சரசரவென்று இறங்குகிறது. இரண்டாவது ஓட்டையில் பிளேடு வழுக்கிக்கொண்டே சுற்றுகிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இதுதான் எல்லோரும் கேட்பது. முதல் ஓட்டையைத் தொடங்கும்போது பிளேடு உலர்ந்திருக்கிறது. பனிக்கட்டியைச் சீவிக்கொண்டே போய் அடியை உடைத்ததும் ஏரித் தண்ணீர் குபுக்கென்று மேலே வருகிறது, பிளேடு முழுக்க நனைகிறது. அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கிறது, வெளியே காற்று மைனஸ் பதினைந்து. ஆகரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நீங்கள் ஓட்டையில் கிடக்கும் ஸ்லஷை, அதாவது தண்ணீரும் ஐஸ் சீவலும் கலந்த குழைவை, அள்ளி, ஆழம் பார்த்து, தூண்டிலை இறக்குவதற்குள் பிளேடு மேல் இருந்த மெல்லிய ஈரம் கட்டியாகிவிடும். காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம். காற்று வேகமாக அடிப்பதால் இரும்பின் வெப்பநிலை மைனஸ் பதினைந்துக்குக் கீழே போய்விடாது, ஆனால் அந்த அளவுக்கு இறங்க ஆகும் நேரம் ரொம்பக் குறைந்துவிடும்.

சரி, மெல்லிய ஐஸ் ஒட்டினால் என்ன, சுற்றுகிற வேகத்தில் உடைந்து போகாதா என்று கேட்பார்கள். போகாது. பிளேடு வேலை செய்கிற விதம் தச்சர் வைத்திருக்கும் இழைப்புளி மாதிரி. விளிம்பு முதலில் தொட வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் பகுதி கொஞ்சம் மேலே விலகி இருக்க வேண்டும். அந்தச் சின்ன இடைவெளி இருப்பதால்தான் விளிம்பு கடித்து இறங்குகிறது. அந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஐஸ் கட்டிவிட்டாலே ஐஸ் மேல் ஐஸ் உட்கார்ந்து சறுக்குகிறது. நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் பிளேடு பனிக்கட்டியைத் தொடவே இல்லை. ஆகரைத் திருப்பிப் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டி, விளிம்பை ஓரத்திலிருந்து பாருங்கள். கண்ணாடி மணி கோத்த மாதிரி ஒரு வரி தெரியும். அதுதான் குற்றவாளி. நடுவில் கூர்முனை இருக்கிற மாடல்களில் அந்த முனையிலும் ஒரு குமிழ் கட்டியிருக்கும், அதையும் கவனியுங்கள், அது இருந்தால் ஆகர் ஓரிடத்தில் நிற்காமல் அலையும்.

ஆகவே பிளேடு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று கவலைப்படுவதை விட்டுவிட்டு எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்று பாருங்கள். மைனஸ் முப்பதிலும் உலர்ந்த பிளேடு தாராளமாக வெட்டும். கீழே சொல்கிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

பிளேடு உறைந்திருக்கிறதா, மழுங்கிவிட்டதா, எப்படித் தெரிந்துகொள்வது?

உறைந்துவிட்டது என்று சொல்கிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் மழுங்கல்தான் பிரச்சினை. முதல் ஓட்டையில் மேலே வரும் சீவலைப் பாருங்கள். கூரான பிளேடு என்றால் செதில் செதிலாக வரும், கையில் எடுத்தால் துண்டு தெரியும். மாவு மாதிரி பொடியாக வந்தால் மழுங்கியாயிற்று. முதல் ஓட்டையே தகராறு என்றால் பிளேடை மாற்றுங்கள் அல்லது தீட்டக் கொடுங்கள். முதல் ஓட்டை நன்றாகப் போய் அடுத்ததில் மட்டும் சறுக்கினால் அது ஐஸ்.

கரை ஓரத்தில் ஆழம் தெரியாமல் போட்டு அடி மணலில் பிளேடு இடித்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த ஒரு தடவையே போதும்.

ஓட்டை போட்டு முடித்த உடனே என்ன செய்ய வேண்டும்?

அடியை உடைத்ததும் ஆகரை உடனே பிடுங்காதீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை கீழே விட்டு மேலே இழுங்கள், ஓட்டைக்குள் இருக்கும் ஸ்லஷ் பாதிக்கு மேல் அப்போதே வெளியே வந்துவிடும். பேட்டரி ஆகர்கள் சிலவற்றில் பின்பக்கமாகச் சுற்றும் வசதி இருக்கிறது, அதைப் போட்டால் சுருளில் ஒட்டிய ஸ்லஷ் தண்ணீருக்குள்ளேயே போய்விடும், காலுக்கடியில் குளம் கட்டாது. அதற்கப்புறம் ஆகரை ஓட்டையிலிருந்து முழுக்கத் தூக்கி, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, காற்றில் இரண்டு மூன்று விநாடி வேகமாக ஓட விடுங்கள். தண்ணீர் சிதறிப் போகும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது. பேன்ட்டில் தெறிக்கும், அதனால் தள்ளிப் பிடியுங்கள்.

கையால் சுற்றுகிற ஆகருக்கு இந்த வசதி இல்லை. தண்டைச் செங்குத்தாகப் பிடித்து, உதறி, ஒரு உலர்ந்த துணியால் பிளேடின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் ஒற்றி எடுங்கள். விளிம்பை நோக்கி இழுத்துத் துடைத்தால் கை போகும். பின்பக்கத்திலிருந்து ஒற்றினால் போதும். துணியைக் கோட்டுக்கு உள்ளே பையில் வையுங்கள். சாமான் வைத்து இழுக்கிற சறுக்கு வண்டியான ஸ்லெட்டில் போட்டால் அதுவும் பலகையாகிவிடும்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. எத்தனை ஓட்டை வேண்டுமோ அத்தனையையும் வந்த உடனே ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள். ஒன்றை முடித்ததும் அள்ளிக்கொண்டு நிற்காமல் அடுத்த இடத்துக்கு நடங்கள், பிளேடு உறைவதற்குள் அது மறுபடி வெட்ட ஆரம்பித்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு அரிகரண்டியை எடுத்துக்கொண்டு வரிசையாக அள்ளிக்கொண்டு வரலாம். ஒன்ராறியோவில் பெரும்பாலான ஏரிகளில் ஐஸ் மேலிருந்து ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம் என்றாலும், மீன் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குக் கூடுதல் ஓட்டை வேண்டியிருக்கும், அதையும் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டியிருக்கும் ஐஸை ஆகரைப் பனிக்கட்டியில் தட்டி உடைக்கலாமா?

கூடாது. எல்லோரும் செய்கிறார்கள், நானும் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்குகிறது. பிளேடின் விளிம்பு கடினமாக்கப்பட்ட மெல்லிய இரும்பு, அது கெட்டியான ஐஸில் நேராக மோதினால் கண்ணுக்குத் தெரியாத பொளி விழும். அதைவிட மோசம், பிளேடு உட்காரும் இடம் கொஞ்சம் வளைந்தால் கோணம் மாறிவிடும். அப்புறம் புதுப் பிளேடு மாட்டினாலும் ஆகர் கடிக்காது. தட்டியே ஆக வேண்டுமென்றால் சுருள் தகட்டின் பக்கவாட்டில் ரப்பர் சுத்தியாலோ மரக்கட்டையாலோ தட்டுங்கள், விளிம்பில் இருப்பதைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள்.

ஓட்டைகளுக்கு நடுவே ஆகரை எங்கே வைப்பது?

இதில் ஆளுக்கொரு கட்சி. நன்றாகக் குளிர்ந்த, பொடிப்பொடியான பனியில் நட்டு வைக்கலாம் என்பார்கள். மைனஸ் இருபதில் கிடக்கும் உலர்ந்த பனி ஈரத்தை உறிஞ்சும், அது உண்மைதான். ஆனால் மைனஸ் மூன்று, நான்கு என்றால் பனியே நசநசவென்று இருக்கும், பிளேடில் அப்பிக்கொண்டு நிலைமையை மோசமாக்கும். கையில் அள்ளி அமுக்கிப் பாருங்கள், உருண்டை பிடித்தால் அதில் நட வேண்டாம்.

இன்னொரு வழி, போட்ட ஓட்டைக்குள்ளேயே பிளேடு தண்ணீரில் முங்கியிருக்கும்படி விட்டு வைப்பது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் வேலை செய்கிறது. ஐஸுக்குக் கீழே தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குள்தான் இருக்கும், அதற்குள் இருக்கிறவரை பிளேடு உறைய வழியில்லை. ஆனால் பிளேடு ஐஸின் அடிமட்டத்தைத் தாண்டிக் கீழே இருக்க வேண்டும், மேலே தண்டு ஓட்டையின் சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது, அரை மணிக்கு ஒரு தடவையாவது சுற்றிவிட வேண்டும். தலைப்பகுதி ஓட்டையைவிட அகலமாக இல்லாத ஆகரை இப்படி விட்டால் நேராக ஏரிக்கு அடியில் போய்ச் சேரும். சிம்கோவின் அதிகபட்ச ஆழம் 41 மீட்டர். டிரில்லில் மாட்டுகிற வகைக்கு மேலே பெரிய வட்டத் தட்டு விற்கிறார்கள், அதை மாட்டாமல் ஐஸ் மேல் காலே வைக்காதீர்கள்.

பாதி போட்ட ஓட்டையில் மட்டும் ஆகரை விட்டுவிட்டுப் போகவே கூடாது. சீவலும் ஈரமும் சேர்ந்து இறுகிப்போகும்.

கூடாரத்துக்குள் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால்?

வைக்கலாம், நாள் முழுக்க உள்ளேயே இருக்கும் என்றால். ஒட்டியிருந்ததெல்லாம் உருகி, சொட்டி, பிளேடு நன்றாக உலர வேண்டும். பாதி உருகிய நிலையில் வெளியே எடுத்துப் போனால் முன்னைவிட அதிகத் தண்ணீர், அத்தனையும் ஒரே நேரத்தில் உறையும். சூடு காட்டுகிற எந்த யோசனைக்கும் இதே வியாதிதான். உருகியதை யார் துடைப்பது என்பதற்கும் சேர்த்து வழி செய்ய வேண்டும்.

கூடாரத்துக்குள் பெட்ரோல் ஆகரை ஓட்டாதீர்கள். புரொப்பேன் ஹீட்டருக்கும் காற்றோட்டம் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வீட்டிலிருந்தே காருக்குள் சூடாக வைத்து எடுத்துப்போனால் நல்லதுதானே?

இல்லை. சூடான இரும்பு பனியைத் தொட்டதும் பனி உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு இரும்பு குளிரும்போது அது இறுகும். டிரக்கின் பின்பக்கத்திலோ ஸ்லெட்டிலோ குளிர்ந்தபடியே வரட்டும், உலர்ந்திருந்தால் போதும். ஸ்னோமொபைல் என்கிற பனி வண்டிக்குப் பின்னால் ஸ்லெட் கட்டி இழுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியின் அடியில் சுற்றுகிற பட்டை வாரியடிக்கிற பனித்தூள் முழுக்க ஸ்லெட்டில் வந்துதான் படியும். ஆகரை ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள்.

எண்ணெய், சிலிகோன் ஸ்ப்ரே ஏதாவது அடிக்கலாமா? தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தேங்காய் எண்ணெய்க் கேள்வி நிஜமாகவே வருகிறது. அது 24 டிகிரிக்குக் கீழேயே உறைய ஆரம்பிக்கும். குளிர்காலத்தில் வீட்டுச் சமையலறையிலேயே கட்டியாக நிற்கிற பொருளை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

சமையல் எண்ணெய் ஸ்ப்ரேயும் சிலிகோனும் ஓரளவுக்கு உதவும், ஆனால் எங்கே அடிப்பது என்பதில்தான் விஷயம். விளிம்பில் அடித்தால் முதல் ஓட்டையில் பனிக்கட்டியே அதைச் சுரண்டி எடுத்துவிடும், வீண் செலவு. சுருள் தகட்டிலும் பிளேடின் முதுகிலும் அடித்து, வீட்டிலேயே நன்றாகக் காயவிட்டுத் துடைத்தால் ஸ்லஷ் அவ்வளவாக ஒட்டாது. ஏரி மேல் நின்றுகொண்டு அடிக்காதீர்கள். கனடாவின் மீன்வளச் சட்டம் 36(3) பிரிவின்படி, மீன் இருக்கும் நீரில் கெடுதலான பொருளைச் சேர்ப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த ஓட்டையிலிருந்து வருகிற மீனைத்தான் சாயங்காலம் குழம்பு வைக்கப் போகிறோம். பெட்ரோலிய எண்ணெய் எதுவும் பக்கத்திலேயே வேண்டாம்.

உப்பு? ஆல்கஹால்?

உப்பு உருக்கும், ஆனால் பிளேடு துருப்பிடித்துவிடும். வேண்டாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கொஞ்சம் நனைத்த துணியால் துடைப்பது நல்ல யோசனைதான், ஈரத்தையும் எடுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகும். ஊற்ற வேண்டாம், துடைத்தால் போதும். துணியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், எரிகிற ஹீட்டருக்குப் பக்கத்தில் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

ஏற்கெனவே உறைந்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

பக்கத்தில் ஒரு ஓட்டையாவது இருந்தால் அதற்குள் பிளேடை இறக்கி, தண்ணீரில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். இரும்பு ரொம்பக் குளிர்ந்திருந்தால் முதலில் இன்னும் கொஞ்சம் ஐஸ் பிடிக்கிற மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், இரும்பு தண்ணீரின் வெப்பநிலைக்கு வந்ததும் இளக ஆரம்பிக்கும். பொறுமை வேண்டும். இளகியதும் கார்டால் தள்ளிவிட்டு, காற்றில் ஓடவிட்டு, உடனே அடுத்த ஓட்டையைத் தொடங்குங்கள்.

ஓட்டையே இல்லை என்றால் பிளாஸ்கில் கொண்டுபோன சுடுதண்ணீரை விளிம்பு மேல் மெதுவாக ஊற்றி, ஊற்றிய கையோடு துடைத்து, துடைத்த கையோடு வெட்ட வேண்டும். நடுவில் ஒரு நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் தேநீர்த் தண்ணீரும் போச்சு, பிளேடும் பழைய கதை.

டார்ச் பிடித்துச் சூடாக்குவதைச் சிலர் பெருமையாகச் செய்வார்கள். விளிம்பு மெல்லியது, நொடியில் சூடேறும். சுமார் 300 டிகிரியில் இரும்பு நீலம் பாயும், அப்படிப் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. வெறும் கையால் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், ஈரக் கை குளிர்ந்த இரும்பில் ஒட்டிக்கொள்ளும், தோல் உரியும்.

பிளேடுக்கு வருகிற பிளாஸ்டிக் உறையை எப்போது போட வேண்டும்?

கைக்கும் கூருக்கும் அது அவசியம், ஆனால் ஈரத்தோடு போட்டால் உறைக்குள்ளேயே தண்ணீர் தங்கி, உறையும் பிளேடும் ஒரே கட்டியாகிவிடும். இடம் மாறிப் போய் உறையைக் கழற்ற முடியாமல் சுத்தியலோடு போராடுகிற காட்சி எல்லாப் பருவத்திலும் உண்டு. துடைத்துவிட்டுப் போடுங்கள். உறையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லையென்றால் நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

எந்த வகை ஆகர் வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு?

மோரா, ஸ்ட்ரைக்மாஸ்டர் லேசர் மாதிரி சீவுகிற பிளேடுகள் சுத்தமான ஐஸில் அருமையாக இறங்கும், கை ஆகருக்கு அதுதான் சரி. ஆனால் விளிம்பில் ஐஸ் கட்டினால் முதலில் மக்கர் செய்வதும் அதுதான். ஜிஃபி மாதிரி பல் வைத்த, கொத்துகிற பிளேடுகள் கொஞ்சம் அதிர்ந்துகொண்டு போகும், ஆனால் லேசாக உறைந்திருந்தாலும் பல் எங்கேயாவது கடித்துவிடும், அழுக்கு ஐஸையும் தாங்கும். நாளுக்கு நாலைந்து ஓட்டை போடுகிறவருக்கு டிரில்லில் மாட்டுகிற ஆறு அங்குலம் போதும் என்பது என் கட்சி. எடை குறைவு, காற்றில் ஓடவிட்டு உதறுவதும் சுலபம்.

நேற்றுப் போட்ட பழைய ஓட்டையை அதே ஆகரால் திறக்கலாமா?

கொத்துகிற பிளேடு என்றால் திறக்கலாம். சீவுகிற பிளேடு பழைய ஓட்டையின் ஓரத்தில் சட்டென்று மாட்டி மணிக்கட்டை முறுக்கிவிடும். ஐஸ் கடப்பாரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கு அடியில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறதே?

மேலே பனி அதிகம் விழுந்தால் அதன் எடை ஐஸைக் கீழே அழுத்தும், விரிசல் வழியாகத் தண்ணீர் ஏறிப் பனிக்கு அடியில் தங்கும். இதில் ஓட்டை போட்டால் ஆகர் ஆரம்பத்திலேயே முழுக்க நனைந்துவிடும். காலால் பனியைத் தள்ளிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் நசநசவென்று இருந்தால் வேறு இடம் பாருங்கள். மீன் அங்கேதான் இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்தால் எல்லா ஓட்டையையும் நிற்காமல் போடுங்கள்.

அப்படியே தடிமனையும் பாருங்கள். நடப்பதற்குத் தெளிவான புது ஐஸ் குறைந்தது 10 சென்டிமீட்டர் என்று மினசோட்டாவில் சொல்கிறார்கள், கனடிய செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது, நான் 15 கட்சி. வெள்ளையாகத் தெரிகிற ஐஸுக்குப் பாதி பலம்தான்.

பேட்டரி?

சார்ஜ் இருக்கிற லித்தியம் பேட்டரியைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள், கெட்டுவிடும்.

வீட்டுக்கு வந்ததும்?

உறையைக் கழற்றிவிட்டு ஆகரைக் கராஜில் தலைகீழாகவோ சாய்த்தோ வையுங்கள். குளிர்ந்த இரும்பு சூடான இடத்துக்கு வந்ததும் காற்றிலிருக்கும் ஈரமே அதன் மேல் முத்து முத்தாகப் படியும், ஆகவே வந்தவுடன் ஒரு தடவை துடைத்துவிட்டேன் என்று விட்டுவிடாமல் சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தடவை துடைக்க வேண்டும். பிளேடு திருகுகளைச் சுற்றிப் பாருங்கள், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும், அடுத்த வாரம் அதுதான் முதலில் உறையும். பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது உணவுத்தர மினரல் ஆயிலை மெல்லிசாகப் பூசுங்கள்.

ஆகர் ஓட்டைக்குள்ளேயே உறைந்து மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

பிடித்து ஆட்டாதீர்கள், தண்டு வளையும், கியர் போகும். மோட்டாரைப் போட்டு முறுக்கவும் வேண்டாம். முதலில் பேட்டரியையோ டிரில்லையோ கழற்றுங்கள். சுடுதண்ணீர் இருந்தால் தண்டை ஒட்டிச் சுற்றி ஊற்றிப் பாருங்கள். அசையவில்லையென்றால் பக்கத்துக் கூடாரத்துக்காரரிடம் ஆகர் கேளுங்கள், யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். அதை வைத்து உங்கள் ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, நடுவில் இருக்கும் ஐஸைக் கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுங்கள். கடைசித் துண்டு உடையும் நேரத்தில் ஆகர் சட்டென்று விடுபட்டுக் கீழே போகும், அதனால் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி அதன் மறுமுனையை ஸ்லெட்டில் கட்டிவிட்டுத்தான் உடைக்கவே ஆரம்பிக்க வேண்டும்.